ராட்டினக்காரன்ரை மனுசி

எங்கள் ஊரில் என்னுடைய பெயரைச் சொன்னால் பலருக்கு ஆளைத் தெரியாது. "ராட்டினக்காரன்ரை மனுசி" என்றால் வீட்டுப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அந்த ராட்டினம் நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் நிற்கவில்லை.

சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. என் கணவர் ஒரு குடைராட்டினம் வைத்திருந்தார். நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஒரு சில்லு, சில்லிலிருந்து எட்டுக் கைகள். நாலு கையில் மரக்குதிரை, நாலு கையில் சின்னக் கதிரை. மோட்டார் கிடையாது. அவரும் ஒரு பெடியனும் தள்ளித்தான் சுற்றும். மாரி முடிந்து திருவிழாக்கள் தொடங்கினால் எல்லாவற்றையும் கழற்றி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு போவார். இணுவில், மருதனாமடம், நல்லூர் என்று ஆவணி முடியும்வரை வீட்டில் நிற்கமாட்டார். ஒரு தரம் சுற்ற 1 ரூபா. காசில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைக் கடைசிச் சுற்றில் சும்மா ஏற்றுவார். அதற்காக நான் சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அரிசிப்பானையைப் பார்ப்பவள் நான்தானே!

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். இரண்டு பிள்ளைகள், மாமி, ஒரு சைக்கிள். ராட்டினத்தைக் கொட்டிலுக்குள் படங்கால் மூடிவிட்டு, அதன் அச்சுக்குக் கிறீஸ் பூசிவிட்டுத்தான் அவர் வெளிக்கிட்டார். "துரு பிடிச்சா இறுகிப் போம்" என்றார். ஊரே ஓடுகிறது, இந்த மனுசன் கிறீஸ் பூசுகிறாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு அடுத்த வருடம் சித்திரையில் திரும்பி வந்தோம். கூரை இல்லை. மரக்குதிரைகளில் மூன்றை யாரோ விறகாக எரித்திருந்தார்கள். ஒரு குதிரை காலில்லாமல் கிணற்றடியில் கிடந்தது. இரும்பு அப்படியே இருந்தது. அவர் சில்லைக் கையால் தட்டினார். சுற்றியது. "பாத்தியே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வருடமே ஒரு நாள் காலையில் சைக்கிளில் சந்தைக்குப் போனவர்தான். சைக்கிளும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. இந்தப் பக்கங்களை வாசிக்கிற உங்களில் அதிகம் பேருக்கு அந்தப் படிகளின் எண்ணிக்கை தெரியும்.

நான் எழுத வந்தது வேறொரு ராட்டினத்தைப் பற்றி. என்னுடைய இரும்பை என்ன செய்வது என்று முடிவெடுக்க வைத்தது அதுதான்.

2012இல் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம். அக்கா பேர்லினில் இருக்கிறா. அத்தான் 1985 தொடக்கத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, பிறீட்றிக் வீதி ரெயில் நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குப் போனவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த வழியால் போனார்கள். கிழக்குப் பக்கம் போகவிட்டது, மேற்குப் பக்கம் அந்த இடத்தைத் தன் எல்லை என்று ஒத்துக்கொள்ளாததால் அங்கே கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. அக்கா பிறகு அத்தான் கூப்பிட்டுப் போனவ. கலியாணத்துக்கு எனக்கு ரிக்கற் எடுத்துத் தந்து, விசாவுக்கும் அவர்களே கடிதம் கொடுத்தார்கள்.

கலியாணம் முடிந்த கிழமை அக்கா, "வா, உன்ரை மனுசன்ரை சாமான் ஒண்டு காட்டுறன்" என்றா. எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று போனது. என்ன சொல்கிறா இவ? பகிடி என்று பிறகுதான் விளங்கியது. அக்காவுக்கு இருபது வருடத்து ஜேர்மன் வாழ்க்கையில் நாக்கில் இருந்த பக்குவம் போய்விட்டது. அவவிலும் பிழையில்லை.

மின்சார ரெயிலில் பிளென்ரர்வால்ட் என்ற இடத்தில் இறங்கி ஒரு காட்டுக்குள்ளால் நடந்தோம். காடு என்றால் நகரத்துக்குள்ளேயே ஒரு காடு. பக்கத்தில் ஸ்ப்றே ஆறு. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு மேலே அது தெரிந்தது. 45 மீற்றர் உயர ராட்டினம், 40 கூடைகள். எங்கள் ஊர்த் தென்னை மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் போதாது. சுற்றிவரக் கம்பிவேலி. உள்ளே ஒரு சனமும் இல்லை. பற்றை வளர்ந்து, பாதை மூடி, அன்ன வடிவப் படகுகள் தரையில் கவிழ்ந்து, முழுப்பெரிய டைனோசர் பொம்மைகள் சரிந்து புல்லுக்குள் கிடந்தன. செட்டிகுளத்துக்குப் போகும் வழியில் நான் பார்த்த ஊர்கள்தான் ஞாபகம் வந்தன. ஆனால் இங்கே ஒரு குண்டும் விழவில்லை.

அந்த இடத்தின் கதையை அக்கா நடந்துகொண்டே சொன்னா. மிச்சத்தை மருமகள் ஜேர்மன் பத்திரிகைகளிலிருந்து வாசித்துச் சொன்னாள்.

கிழக்கு ஜேர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில், அந்த நாட்டுக்கு 20 வயது நிறைவதைக் கொண்டாட 1969 ஒக்ரோபரில் அரசாங்கமே திறந்த பூங்கா அது. அந்த நாடு முழுவதற்கும் நிரந்தரமான விளையாட்டுப் பூங்கா அது ஒன்றுதான். வருடத்துக்கு 17 இலட்சம் பேர் வரை வந்தார்களாம். நான் பார்த்த ராட்டினம் 1989இல் புதிதாக நிறுத்தியது. அதே வருடம் கார்த்திகையில் பேர்லின் சுவர் விழுந்தது. அடுத்த வருடம் அந்த நாடே இல்லை. ராட்டினத்துக்கு என்ன தெரியும்? நாட்டின் பெயர் மாறினாலும் அது அதே இடத்தில்தான் நின்றது.

பிறகு ஸ்ப்றேபார்க் என்று பெயர் மாற்றி ஒரு திருவிழா வியாபாரக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். நோபேர்ட் விற்றே என்பவருடைய குடும்பம். புதிய சாமான்கள் கொண்டுவந்து பூட்டினார்கள். முன்பு ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் காசு. இப்போது வாசலிலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய ரிக்கற். சுற்றியுள்ள காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் கார் நிறுத்தவும் போதிய இடமில்லை. அக்கா தன் பிள்ளைகளை இரண்டே தரம்தான் கூட்டிக்கொண்டு போனாவாம். "நாலு பேருக்கும் கிட்டத்தட்ட நூறு மார்க். அத்தான் இரவு வேலைக்குப் போய்க் கோப்பை கழுவின காசு. உள்ளுக்கை போனால் பிள்ளையள் இரண்டு சாமானிலை ஏறிப்போட்டுப் பசிக்குது எண்டுதுகள்" என்றா. இப்படி யோசித்த தாய்மார் அந்த நகரத்தில் அக்கா ஒருத்தி மட்டும் அல்லத்தானே. 2001 அளவில் வருகிற ஆட்கள் 4 இலட்சமாகக் குறைந்துவிட்டார்கள். கடன் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் யூரோ. அந்த வருடத்தோடு வாசல் பூட்டப்பட்டது.

இனித்தான் அந்த ராட்டினங்களின் தலைவிதி. 2002 தை மாதத்தில் குடும்பம் பெரு நாட்டின் லீமா நகரத்துக்குப் போனது. போகும்போது ஆறு ராட்டினச் சாமான்களைக் கொண்டெய்னர்களில் ஏற்றிவிட்டார்கள். திருத்த வேலைக்குப் போகிறது என்று நினைத்து அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள். கடன்காரர் வந்து பார்த்தால் சாமான் இல்லை! அந்தளவில் இந்தக் கதை ஒரு பகிடிதான். அங்கே போயும் தொழில் பிடிபடவில்லை. 2003இல் "பறக்கும் கம்பளம்" என்ற ராட்டினத்தை ஜேர்மனிக்குத் திருப்பி அனுப்ப ஆயத்தம் செய்தார்கள். அதன் இரும்புத் தூணுக்குள் 150 கிலோவுக்கு மேல் கொக்கெயின் இருந்ததைப் பெரு நாட்டுப் பொலிஸ் கண்டுபிடித்தது.

தகப்பனுக்கு ஜேர்மனியில் 7 வருடச் சிறை. மகனுக்கு லீமாவில் 20 வருடம்.

இதைக் கேட்டபோது நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகப்பன் முழுக்காலமும் இருக்காமலே வெளியே வந்துவிட்டார். நான் அங்கே நின்ற 2012இல் மகன் இன்னும் உள்ளே. அந்தத் தாயைப் பற்றித்தான் எனக்கு யோசனை. குடும்பத்தின் கதையை 2009இல் ஒரு படமாக எடுத்திருந்தார்கள். அதில் தாயும் வருகிறா என்று மருமகள் சொன்னாள். பார்க்கிறீர்களா சின்னம்மா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கடல் கடந்த சிறையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று அறிய எனக்குப் படம் தேவையில்லை. வவுனியாவிலும் பூசாவிலும் வாசலில் வரிசையில் அந்த முகங்களோடுதான் நானும் நின்றேன். ஒரு வித்தியாசம், அவவுக்குப் பிள்ளை இருக்கிற இடம் தெரியும். அதற்காக அவவில் எரிச்சல் பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அப்போது காற்று வந்தது. ராட்டினம் அசைந்தது. மோட்டார் இல்லை, ஆள் இல்லை, பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கிறீச் என்று ஒரு சத்தத்தோடு கூடைகள் ஆட, மெல்ல ஒரு பக்கமாகச் சுற்றியது. காற்றடித்தால் எப்போதும் அப்படித்தானாம். பார்க்க வருகிறவர்களில் சிலர் பேய் என்பார்களாம். எனக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. "துரு பிடிச்சா இறுகிப் போம்" என்ற குரல்தான் கேட்டது. இது இறுகவில்லை. காற்று விடவில்லை.

ஊருக்குத் திரும்பினேன். கொட்டிலுக்குள் என் இரும்பு கிடந்தது. போர் முடிந்த பிறகு பழைய இரும்பு வாங்குகிற ஆட்கள் லொறியில் வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி மூன்று தரம் வந்தான். "அம்மா, கிடந்து உக்கிறதுக்குக் குடுத்தா நாலு காசு" என்பான். மகனுக்கும் விற்கிற எண்ணம்தான். மாமி உயிரோடு இருந்தவரை தொடவிடவில்லை. "அவன் வந்தா எங்கை எண்டு கேப்பான்" என்பா. மாமி 2010இல் கண்ணை மூடிவிட்டா. எனக்கு விற்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. விற்றால் அவர் வரமாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. காணித் தேவைக்காக மரணப் பத்திரம் எடுக்கச் சொன்னபோதும் இதே நிலைதான். இறந்தார் என்று அல்ல, காணவில்லை என்று மட்டும் எழுதித் தரும் பத்திரம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அதை எடுத்தேன். கை நடுங்காமல் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.

பேர்லினிலிருந்து வந்த அடுத்த கிழமை சில்லைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பதினாறு வருடம் நான் கிறீஸ் பூசவில்லையே. சுன்னாகத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவரிடம் மகனோடு கொண்டுபோனேன். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டு, போல்பேரிங்கை மாற்றித் தந்தார். எட்டுக் கையில் மூன்று உக்கியிருந்தது. அந்த மூன்றை மட்டும் இரும்புக்காரத் தம்பிக்கு நிறுத்துக் கொடுத்தேன். அந்தக் காசு பேரிங்குக்குப் போய்விட்டது. குதிரைக்குப் பதிலாகப் பலகைக் கதிரை அடித்து, எங்கள் ஒழுங்கை முன்பள்ளி முற்றத்தில் நட்டோம். ஐந்து கை வைத்தால் ஒரு பக்கம் இழுக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னதால் புதிதாக ஒரு கை செய்வித்து ஆறாக்கினோம். ரீச்சரிடம் ஒரு சொல் மட்டும் கேட்டேன்: இதை விற்கக்கூடாது, அவர் வந்து கேட்டால் திருப்பித் தரவேண்டும். ரீச்சர் சிரிக்காமல் தலையாட்டினா. அதற்காகவே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும்.

பேர்லின் பூங்காவை அந்த நகர நிர்வாகம் 2014இல் திரும்ப வாங்கியது. அதே வருடம் ஆவணியில் ஒரு தீ பிடித்துக் கொஞ்சம் எரிந்தும் போனது. விற்றே குடும்பத்து மகன் பிறகு ஜேர்மனிக்கு வந்துவிட்டதாக அக்கா சொன்னா. அதைக் கேட்ட அன்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். யார் பெற்ற பிள்ளையோ, ஒன்று வந்தது.

2021 தை மாதம் அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. பெரிய கிறேன்கள் நிற்கின்றன, ராட்டினத்தைத் துண்டு துண்டாகக் கழற்றுகிறார்கள். எனக்குப் பகீரென்றது. உடனே எடுத்துக் கதைத்தேன். "விக்கிறதுக்கில்லையடி, திருத்திப்போட்டுத் திரும்பப் பூட்டப் போறாங்களாம்" என்றா. பூங்காவை மரஞ்செடியும் கலைநிகழ்ச்சியுமாக வேறு விதமாகத் திறக்கிற எண்ணமாம், ராட்டினம் மட்டும் பழையதுதானாம். கழற்றினவன் ஒழுங்காகத் தலைகீழாக இலக்கம் போட்டு வைத்தால்தான் பூட்டலாம், போட்டார்களா என்று கேட்டேன். என் கணவர் ஒவ்வொரு கையிலும் வெள்ளைப் பெயின்ற்றால் இலக்கம் போடுவார். தூணிலிருந்து வெளிப்பக்கமாக அல்ல, வெளியிலிருந்து உள்ளே. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அக்காவுக்கு என் கேள்வி விளங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கிறீஸ் ரின்னோடு முன்பள்ளிக்குப் போகிறேன். உச்சியில் பூச ஏணி வேண்டும், முழங்கால் விடுகிறதில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் ஏறுகிறான். நான் கீழே நின்று, நாலாம் கையில் பூசு, அங்காலை பூசு என்று சொல்கிறேன். அவர் போட்ட இலக்கம் நாலிலும் ஏழிலும் இன்னும் இருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்தபோது அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிடச் சொன்னேன்.