சவளில் கேட்ட பாடம்

எங்கள் விஞ்ஞான பாடத்துக்கு ஒரு வாசம் உண்டு. பள்ளிக்கூடம் எழுவான்கரையில், மட்டக்களப்பு வாவியை ஒட்டி நின்றது. காலையில் அத்தாங்கோடு தண்ணிக்குள் இறங்கிய பெண்கள் கரையேறி இறால் தெரிந்துகொண்டிருக்கும்போதுதான் எங்களுக்கு முதற்பாடம் தொடங்கும். பச்சை இறாலின் வாடையும், கண்ணா மரங்களுக்குள்ளால் வருகிற சேற்று மணமும், அவர்கள் பேசிச் சிரிக்கிற சத்தமும் அரைச்சுவருக்கு மேலால் வந்து எங்கள் வாங்குகளில் உட்கார்ந்துகொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளைச் சேட்டும் சோக்குத்தூள் படிந்த விரல்களுமாக எங்கள் சேர் நிற்பார்.

ஆய்வுகூடம் என்று தனியாக ஒன்று எங்களுக்கு இருக்கவில்லை, ஒரு தகர அலுமாரி இருந்தது. சோடாப் போத்தல்கள், சிரட்டைகள், வெறும் தீப்பெட்டிகள், நூல்கட்டை, சுண்ணாம்பு டப்பி, பழந்துணியில் சுற்றிய மெல்லிய கண்ணாடிக் கிளாஸ் ஒன்று. அமிலமும் காரமும் படிக்கிற நாளில் பாசிச்சாயத்தாள் தேடி யாரும் அலையவில்லை. வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணியில் ஊறவைத்து, ஒரு சிரட்டையில் தேசிக்காய்ப்புளியும் மற்றதில் சுண்ணாம்புத் தண்ணியும் விட்டோம். ஒன்று சிவந்தது, மற்றது பச்சையானது. அன்று பின்னேரம் எங்கள் ஊரில் ஒரு வேலியிலும் பூ மிஞ்சவில்லை.

சேரிடம் மாறாத ஒரு பழக்கம் இருந்தது. எதையும் தொடுவதற்கு முந்தி, "என்ன நடக்கும் எண்டு முதல்ல எழுதுங்க புள்ளையள்" என்பார். எழுதியதை அழிறப்பர் கொண்டு அழிக்கக்கூடாது. பிறகு செய்துபார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் ஏன் என்ற கேள்வி. பிழையாக எழுதின கொப்பிகளைத்தான் அவர் கூடுதல் நேரம் வைத்துப் படிப்பார். 'இந்தப் பிள்ளை ஏன் இப்படி நினைத்தது' என்று யோசிக்கிற முகம் அது. அந்த முகத்துக்காகவே துணிந்து எழுதினோம்.

ஒலி படித்த நாட்களைச் சொல்லவேண்டும். சோடாப் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாகத் தண்ணி விட்டு, வாயில் ஊதச் சொன்னார். தண்ணி கூடக்கூடச் சத்தம் மெலிந்து உயர்ந்தது. சரி, விளங்கிவிட்டது என்று நாங்கள் நிமிர்ந்த நேரம் பார்த்து, அதே போத்தல்களைக் கரண்டியால் தட்டச் சொன்னார். இப்போது தண்ணி கூடின போத்தல்தான் தடித்த குரலில் பேசியது! வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. சேர் எந்தப் பக்கமும் சேரவில்லை, "ஊதக்குள்ள எது அதிருது? தட்டக்குள்ள எது அதிருது?" என்று மட்டும் கேட்டுவிட்டு இடைவேளைக்குப் போய்விட்டார்.

விடை சொன்னது கடைசி வாங்கில் இருந்த, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மகள். "சேர், அப்பா மத்தளத்துக்குப் பசை அப்பினாச் சத்தம் தடிக்கும். தட்டினா போத்தல்தான் அதிருது, தண்ணி அதுக்குப் பாரம்." ஊதும்போது அதிர்வது தண்ணிக்கு மேலே மிஞ்சிய காற்று, காற்று நிற்கிற இடம் குறுகினால் சுரம் உயரும். கூத்துக் களரியில் இராப்பொழுதெல்லாம் கேட்ட மத்தளம் விஞ்ஞானக் கொப்பிக்குள் வந்தது அன்றைக்குத்தான். கல்லடியில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகளைப் பற்றி அப்போதுதான் சேர் சொன்னார்: காரைதீவில் பிறந்தவர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். சுரத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்த மனிதர் எங்கள் பக்கத்துக்காரர் என்பதில் எங்களுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பிறகு அலுமாரிக் கிளாஸைச் சுற்றியிருந்த அந்தத் துணி அவிழ்ந்தது. விரலை நனைத்துக் கிளாஸின் விளிம்பைச் சுற்றித் தேய்த்தார். ரீங்காரம் ஒன்று எழுந்து வகுப்பை நிறைத்தது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ற் என்ற வெள்ளைக்காரத் துரை, வாவியில் தான் கேட்ட பாட்டு இந்த மாதிரி இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார் என்றார். பாடும் மீன் கதை எங்களுக்குத் தாலாட்டோடு வந்தது. காதால் கேட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்?

அடுத்த பூரணைக்குக் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போனோம். தோணி வலிக்கிற மரச் சவளின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைக்கச் சொன்னார். மெல்ல, அடியிலிருந்து, அந்த இசை வந்தது. சவளை எடுத்தால் இல்லை, வைத்தால் உண்டு. தண்ணிக்குள் எழுகிற ஒலியில் மிகப் பெரும் பங்கு நீர்ப்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். அதை நேரே காதுக்குக் கொண்டுவருவது மரம். காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகிற ஒலி, தண்ணியில் ஏறக்குறைய 1500 மீற்றர் போகும். பரம்பரையாகச் சவளில் காது வைத்த மீன்பிடிகாரர் கையாண்டதும் விஞ்ஞானம்தான்.

பாடுவது மீனா, ஊரி என்கிற வாவி நத்தையா? சேர் விடை சொல்லவில்லை. "கண்டுபிடிக்க வழி எழுதுங்க" என்றார். வாவி மீன் எல்லாவற்றையும் பிடித்துக் கடலில் விட்டுவிட்டுப் பிறகு கேட்டுப்பார்ப்பது என்று நான் முழு நம்பிக்கையோடு எழுதினேன். அதை அவர் நிதானமாகப் படித்தார். "யோசனை சரி மகன். ஒண்டை நீக்கிப் பார்த்தாத்தான் மற்றதைப் பற்றித் தெரியும். ஆனா வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஒரு வாளிக்குள்ள ஊரியைப் போட்டு முதல்ல கேட்டுப் பாரு." பரிசோதனை என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த வாளியால்தான்.

இன்று அந்தக் கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர்மாரிடமும் சேர்மாரிடமும் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. உபகரணம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். பிள்ளைகள் முதலில் நினைத்ததை எழுதட்டும், பிறகு தங்கள் கையால் செய்துபார்க்கட்டும், தங்களுக்குள் வாதாடட்டும். எல்லாக் கேள்விக்கும் அன்றைக்கே விடை சொல்லிவிடவும் வேண்டாம். சேர் விட்டுப்போன அந்த ஒற்றைக் கேள்விக்காக நான் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறேன்.