முதல் விருப்பம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தின் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடும் சாதிச் சான்றிதழோடும் வருவார்கள். நாங்கள் நான்கு பேர் இரண்டு போன், ஒரு பழைய லேப்டாப்போடு உட்கார்ந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்போம். நால்வருமே அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் வேகமாக முடிந்துவிடும். பாடப்பிரிவு என்ற கட்டம் வந்ததும் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். "எது கெடைக்கும்ணே?" என்பார்கள். எது வேண்டும் என்று அதுவரை யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்களையும் கேட்டதில்லை. பதினோராம் வகுப்பில் குரூப் பிரித்தபோது, "காலனிப் பசங்களுக்கு சயின்ஸ் எதுக்கு, பாஸ் ஆனா போதாதா" என்றார் ஓர் ஆசிரியர். அன்றைக்கே எங்கள் கல்லூரி விண்ணப்பத்தில் பாதியை அவர் நிரப்பிவிட்டார். பின்னாளில் எங்களில் இருவர் வரலாறும் ஒருவர் தமிழும் ஒருவர் வணிகவியலும் படித்தோம். அந்தப் படிப்புகளை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. வரலாறு படித்திராவிட்டால் எங்கள் தெருவின் கதையே எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் "உங்களுக்கு இது போதும்" என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதைத்தான் எங்களால் இன்னும் மறக்க முடியவில்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய பீமராவ் என்ற மாணவனுக்கு அது மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் எடுத்துக்கொண்டார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனவர், பொருளாதாரத்தோடு சமூகவியல், வரலாறு, தத்துவம், மானுடவியல் என்று தேடித் தேடிப் படித்தார். மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தையும் பிறகு தாமே கற்றார்.

இந்த ஆண்டு வந்தவர்களில் ஒரு தங்கை, உயிரியல் குரூப்பில் நல்ல மதிப்பெண். பக்கத்தில் அவள் அம்மா. என்ன படிக்கப் போகிறாய் என்றோம். "பி.எஸ்சி. அக்ரிக்கா" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருவது வருசமா சேத்துல நிக்கிறேன். நீயும் அங்கயே வந்து நிக்கவா ஒன்ன படிக்க வச்சேன்?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபம் ஒரு நாள் கோபமல்ல. அவருடைய தாத்தா பண்ணையாளாக இருந்தவர். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தபோதுதான் நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியே தள்ள முடியாது என்ற நிலையே வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். வயல் என்றால் அந்த அம்மாவுக்கு நினைவு வருவது பசுமை அல்ல.

தங்கை மெதுவாகக் கேட்டாள்: "நீ நடுற நெல்லுக்கு என்னம்மா பேரு?"

"குறுவைக்கு ஆடுதொற 43. சம்பாவுக்கு சி.ஆர். 1009. இதுகூடத் தெரியாதா?"

"அந்த ரகத்த உண்டாக்குற எடத்துல நம்ம தெரு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஆராய்ச்சிப் பண்ணைக்குக் களை பறிக்கப் போயிருக்கோம்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. நூறு ஆண்டுக்கும் மேலாக நெல்லைப் பற்றிய அறிவு நம் பக்கத்து ஊரில் வளர்ந்திருக்கிறது. நாற்றைப் பறித்து நட்ட கைகள் நம்முடையவை. எந்த ரகத்தை நடுவது என்று முடிவெடுத்த இடத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர்?

எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. இருவர் அம்மாவின் பக்கம். 1918இல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி எழுதிய கட்டுரையில் பாபாசாகேபே, நிலத்தின் மேல் தேவைக்கு மிஞ்சிய ஆட்கள் கிடக்கிறார்கள், தொழில் வளர்ச்சிதான் வழி என்றார்; அப்படியிருக்கத் திரும்பவும் ஏன் வயலுக்கு என்று கேட்டார்கள். மற்ற இருவர், நிலத்தின் சிக்கலை ஆழப் படித்ததால்தானே அவரால் அதைச் சொல்ல முடிந்தது என்றோம். கடைசியில் ஒன்றில் மட்டும் உடன்பட்டோம். பயமும் அவமானமும் நமக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "உங்களுக்குத் தமிழ் போதும்" என்பது எப்படிச் சாதி சொல்வதோ, "வயல் என்றாலே வேண்டாம்" என்பதும் சாதி உண்டாக்கிய காயம் சொல்வதுதான்.

விண்ணப்பம் போடும் தம்பி, தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பொறியியல், வேளாண்மை போன்ற ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் மேலே எழுதியதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது கிடைக்காவிட்டால் அடுத்தது. ஆசைப்பட்டதை முதலில் எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. 69 விழுக்காடு போக மீதி 31 பொதுப் போட்டி. அது 'மற்றவர்களின்' இடமல்ல, மதிப்பெண் இருந்தால் நாமும் அதில் எண்ணப்படுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021 சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதில் வேளாண்மையும் அடக்கம். அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இன்னொன்று, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை இப்போதே பாருங்கள். உயிரியல் குரூப் எடுக்காமல் போனால், பல கட்டங்கள் இரண்டு வருடம் முன்பே மூடிவிடுகின்றன.

அன்று அந்தத் தங்கை இரண்டு விண்ணப்பம் போட்டாள். கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் அம்மாவுக்காகக் குந்தவை நாச்சியார் கல்லூரியில் வேதியியல். வேளாண்மை விண்ணப்பத்தில் முதலில் கோயம்புத்தூர், இரண்டாவது ஈச்சங்கோட்டை. தரவரிசை இன்னும் வரவில்லை. என்ன கிடைக்கும் என்று எங்களுக்கும் தெரியாது.

கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அம்மா எங்களிடம் கேட்டார்:

"ஈச்சங்கோட்டைக்கு இங்கேருந்து எந்த பஸ்ஸுப்பா போவும்?"