அனுமதி கிடைத்திருந்தது

தாய்க்காகக் கனடாவை வேண்டாமென்று விட்டவன் என்றுதான் எங்கள் ஊரான கரவெட்டியில் என்னைத் தெரியும். கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் வளரும் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டிப் புத்தி சொல்வார்கள். இத்தனை காலமும் நான் அதை மறுத்ததில்லை. அது பொய்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபின், நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டுச் சனம் வந்து குவிந்தது. பிறகு நான் விரும்பிய பெண்ணும் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து பெற்றோரோடு வந்தாள். எங்கள் ஒழுங்கையில்தான் அவளுடைய பெரியம்மா வீடு. மறுவருடமும் வந்தாள். ஒருவரையொருவர் விரும்பினோம். கொழும்பில் கலியாண எழுத்தை முடித்து அவள் என்னை ஸ்பொன்சர் பண்ணுவதென்று பேசி வைத்தோம்.

2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டு, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சனம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அடைபட்டது. சங்கக்கடையில் சீனிக்கும் மாவுக்கும் விடியப்புறமே வரிசை. இரவில் ஊரடங்கு. தொலைபேசி இருந்தாற்போல் செத்துவிடும். வெளியே போவதென்றால் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், இல்லாவிட்டால் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். எதில் ஏறவும் ஆமியின் பயண அனுமதி, அதாவது கிளியரன்ஸ், வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2007இல் அவள் தாயோடு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினாள். எனக்குக் கிளியரன்ஸ் கிடைத்தது. நாலாக மடித்த அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நெல்லியடியில் கொமினிகேஷன் கடைக்குப் போய் அவளோடு பேசினேன்.

"இன்னும் தரேல்லை. இழுத்தடிக்கிறாங்கள்."

பின்னால் தங்கள் முறைக்கு நின்ற சனம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையாகவே தராமல் இருந்தார்கள். அவள் அழுதாள். பிறகு என்னைத் தேற்றினாள். லீவு முடிந்ததும் திரும்பிப் போனாள்.

ஏன் செய்தேன்? இங்கே கந்தோரில் எனக்கொரு கதிரை இருந்தது, 'சேர்' என்று கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். அங்கே கோப்பை கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும், அவளுடைய சம்பளத்தில் சாப்பிட வேண்டும், அவளுடைய தமையன்மார் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும் என்று பயந்தேன். அவளை விரும்பினேன். ஆனால் அவளுக்கு முன்னால் தாழ்ந்து நிற்க மனம் வரவில்லை. அதைச் சொல்லத் துணிவில்லாமல் ஆமியைச் சொன்னேன். போர் முடிந்து, 2009 கடைசியில் பாதை திறந்தபின் அந்தச் சாட்டு எடுபடாது. அம்மாவைச் சொன்னேன். ஐயா இல்லை, தங்கச்சியைக் கரைசேர்க்க வேணும், அம்மாவைத் தனிய விட ஏலாது என்றேன். தங்கச்சி அப்போதே படிப்பித்து உழைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் செலவில் பெரும்பங்கு அவளுடையது.

2011வரை காத்திருந்துவிட்டு அவள் வேறு கலியாணம் செய்தாள்.

உண்மையாகவே பாதை அடைபட்ட பலஸ்தீன இளைஞர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குறுகும். மேற்குக் கரையிலோ காசாவிலோ உள்ள ஒருவர் இஸ்ரேல் குடியுரிமையுள்ள தன் துணையோடு அங்கே போய் வாழ்வதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்தது. 2007க்குப் பிறகு காசாவின் ரஃபா கடவை பல வருடங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. பெற்றோரை விட்டுப் போவதா, வெளியே காத்திருப்பவரைக் கைவிடுவதா என்று அவர்கள் படுகிற பாடு உண்மையானது. இங்கேயும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கிளியரன்ஸ் வராமலே விசா காலாவதியானவர்கள், காணாமல் போன அண்ணனைத் தேடும் தாயை விட்டுப் போக முடியாதவர்கள். அவர்களுடைய துயரத்தை எடுத்து நான் என் கோழைத்தனத்தின் மேல் போர்த்தினேன்.

அம்மாவுக்குச் செய்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. 2007இல் அவள் கொழும்புக்கு வந்தபோது, அடைவிலிருந்த தன் காப்புச் சோடியை மீட்டு என் கையில் தந்தவர் அவர். "நீ போ ராசா. நானும் தங்கச்சியும் இருப்பம்தானே. சந்நிதி முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்றார். அவரிடமும் கிளியரன்ஸ் தரவில்லை என்றே சொன்னேன். பிறகு ஊர்க்கதை அவர் காதுக்கும் போனது. நான் தனக்காகத்தான் நின்றுவிட்டேன் என்று நம்பிவிட்டார். படுக்கையில் கிடக்கும்போது ஒருநாள், "என்னாலைதானே தம்பி உன்ரை வாழ்க்கை இப்பிடிப் போச்சு" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா" என்றேன், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பிள்ளையைப் போல. உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. அந்தப் பாரத்தோடேயே அம்மா போய்விட்டார்.

எனக்காகக் காத்திருந்தவளுக்கு இப்போது குடும்பம் இருக்கிறது. கடிதம் எழுதி அதைக் குழப்ப எனக்கு உரிமை இல்லை. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. ஊருக்கும் சொல்கிறேன்: என் அம்மா என்னைத் தடுக்கவில்லை. போகச் சொன்னார், செலவுக்கும் தந்தார். போகாமல் நின்றது நான்.