காய்கறிக்கு நல்ல அயலார்

மனிதருக்கு மட்டுமா, செடிகளுக்கும் நல்ல அயலார் வேண்டும். இதை இவ்வாண்டு எம் பள்ளித் தோட்டத்தில் நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

பள்ளத்தூர்ச் செம்மண்ணில் ஐப்பசி மழையை நம்பித் தக்காளியும் கத்தரியும் பயிரிட்டோம். விளைவதெல்லாம் விடுதிச் சமையலுக்கே. ஆகவே பூச்சிமருந்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்களுள் ஒருத்தியின் தந்தை வயலில் மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்து, அரும்பாடுபட்டுப் பிழைத்தவர். “அந்த வாடை இங்கேயும் வேண்டாம்” என்று அவள் சொன்னபின் மறுபேச்சு ஏது?

பெங்களூரை அடுத்த எசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. 45 நாள் வளர்ந்த செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். எங்களிடம் இருந்தவை எட்டே வரிசைகள். ஓரமாக ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தோம்.

செண்டுமல்லி பூச்சியை விரட்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அழைக்கிறது! காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியைவிட அதன் பூவையே விரும்பி முட்டையிடும். பூக்களில் உள்ள புழுக்களை நாள்தோறும் பொறுக்காவிட்டால் அதுவே புழுக்களுக்குத் தொட்டிலாகிவிடும். ஆகவே முறைவைத்துக் காலை மணிக்கு முன்பே பொறுக்கினோம்.

கத்தரிக்கு இடையே கொத்தமல்லி தூவினோம். வெயிலில் அது விரைவில் பூத்துவிடும். பூக்கட்டும் என்றே விட்டோம். அப்பூவின் தேனை நாடிச் சிறு குளவிகளும் பொறிவண்டுகளும் வந்தன. புழுவையும் அசுவினியையும் அழிக்கும் நண்பர்கள் அவை. ஆயினும் சொத்தைக் கத்தரிக்காய்கள் சில கிடைக்கத்தான் செய்தன. வாடிய நுனித் தண்டுகளைக் கிள்ளி அழித்தோம்.

எல்லாச் செடியும் எல்லாப் பூச்சிக்கும் மருந்தாகாது. துளசியின் மணம் மா, கொய்யாவைக் கெடுக்கும் ஆண் ஈக்களை ஈர்க்கும். பாகற்காய் ஈ அதைத் திரும்பியும் பாராது. எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி என்று அறிந்து நடுவதே தோட்டக்காரரின் திறமை.

இப்பாத்திகளை அடுத்த ஆண்டு ஏற்கவிருக்கும் தங்கையரே! செண்டுமல்லி விதையைத் தாளில் மடித்து உங்களுக்காக வைத்திருக்கிறோம். தக்காளி விதைப்பதற்கு 20 நாள் முன்னதாகவே அதை நாற்றங்காலில் தூவிவிடுங்கள்.