ஆச்சி சொன்ன பேர்கள்

மேலநீலிதநல்லூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. போன சித்திரையில் மொட்டைமாடியில் பலகை போட்டு, மருந்து பூசிய தாளை விரித்து, அதன்மேல் முடக்கத்தான் கொடியை வைத்து, பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடியால் அழுத்திக்கொண்டிருந்தேன். ஆச்சி படியேறி வந்தாள்.

"எய்யா, வத்தலா காயப்போடுத?"

"வெயில வச்சுப் படம் எடுக்கேன் ஆச்சி."

சயனோடைப் என்று இதற்குப் பேர். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தனித்தனியே கரைத்து, சம அளவு கலந்து, வெளிச்சமில்லாத அறையில் தாளில் பூசி உலர்த்த வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடம் கழுவினாலும் போகாத நீலமாகிவிடும். செடி மறைத்த இடத்தில் பூச்சு தண்ணீரோடு போய்த் தாளின் வெள்ளை தெரியும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். மறுவருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். கட்டட வரைபடங்களின் 'புளூபிரிண்ட்' வந்ததும் இதிலிருந்துதான்.

என் முதல் படங்களெல்லாம் கழுவக் கழுவ வெளுத்துப்போயின. எங்கள் வீட்டு போர்த் தண்ணி சப்புத் தண்ணி. இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. முதல் அலசலில் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்ததும் நின்றது.

முடக்கத்தான் நன்றாக வந்தது. பலூன் மாதிரிக் காயின் மெல்லிய தோல் வழியே வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெளிர்நீலப் பைக்குள் விதைகள் மட்டும் வெள்ளையாக. ஆச்சி தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசமே இல்லையே. இத அரைச்சுத் தோசை சுட முடியுமாக்கும்?"

மூட்டுவலிக்கு அவள் சுடும் முடக்கத்தான் தோசை தின்று வளர்ந்தவன் நான். ஆனால் ஊருணிக்கரையில் பறித்துவந்த மற்ற செடிகளில் பாதிக்கு எனக்குப் பேர் தெரியாது. செல்போன் லத்தீன் பேர் சொன்னது. ஆச்சி ஒவ்வொரு தாளாக வாங்கி, நிழலை வைத்தே சொன்னாள். தும்பை. குப்பைமேனி. கீழாநெல்லி. ஒன்றில் மட்டும் நின்றுவிட்டாள்.

"இதுக்கு எங்கம்மா ஒரு பேரு சொல்லுவா. நாக்குல நிக்கி, வெளிய வரமாட்டேங்கு."

அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்கம்மா பேச்சுல மிச்சம் கிடக்கிறதே இந்த மாதிரி நாலு பேருதான். அதையும் தொலைச்சிட்டேனே" என்றாள். இலையின் ஒவ்வொரு பல்லும் தாளில் பிசகாமல் பதிந்திருந்தது. நான் ஒரு வருஷம் முந்திக் கேட்டிருக்கலாம்.

அட்கின்ஸ் தன் கையெழுத்தையும் செடியோடு சேர்த்தே வெயிலில் பதித்தவர். பாசிகளின் பேர்கள் அவர் கையெழுத்திலேயே நீலத்துக்குள் வெள்ளையாக இருக்கும். நானும் ஆச்சி சொல்லச்சொல்லக் கண்ணாடித்தாளில் கறுப்பு மையால் எழுதி, செடியோடு வைத்து மறுபடி பதித்தேன். அந்த ஒரு செடிக்குக் கீழே மட்டும் எழுத ஒன்றுமில்லை, நீலம் மட்டும்.

செடியைப் பழைய பேப்பருக்குள் அழுத்தி வைத்திருக்கிறேன். பூசிய தாளோ இருட்டில் வைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது, தானாகவே நீலம் பாயும். ஆச்சிக்கு எப்போது ஞாபகம் வருமோ. கெட்டுப்போன தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தாள் புதிதாகப் பூசி வைக்கிறேன்.