டர்போவா, சுப்பர்சார்ஜரா? நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் மாற்ற யோசிக்கிறவர்களுக்கு, விசேஷமாக மலைநாட்டில் இருப்பவர்களுக்கு, பயன்படலாம் என்று எழுதுகிறோம். நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். இருவரும் ஆசிரியர்கள். இருவர் சம்பளத்திலும் ஐந்து வருடம் வெட்டப்படப் போகும் கடன் என்பதால் முடிவும் இருவருடையதுதான்.

எங்கள் நிலைமை இது. வீடு வெலிமடையில். மாதம் ஒரு தடவை உம்மாவை கிளினிக்குக்காக நுவரெலியாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். பிள்ளைகள் மூன்று பேர். இருக்கும் வேன் டர்போ இல்லாத 660 சீசீ. ஆள் நிறைந்தால் ஹக்கலை ஏற்றத்தில் அது படும் பாடு அந்தப் பாதையால் போகிறவர்களுக்குத் தெரியும். பின்னால் பஸ் ஹோன் அடிக்கும். உம்மா உள்ளே திக்ரு செய்துகொண்டிருப்பார்.

எங்களுக்கு வந்த ஆலோசனைகள் மூன்று.

மச்சான் சொன்னார்: "அதே காசுக்கு ஒரு பழைய பென்ஸ் கொம்ப்ரெஸர் எடுக்கலாம். ஏத்தமெல்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்ல."

கராஜ் வைத்திருக்கும் எங்கள் பழைய மாணவர் சொன்னார்: "சேர், வேனை விக்க வேணாம். டர்போ கிட் ஒண்டு போட்டுத் தாறன்."

மூன்றாவது, கம்பனியிலிருந்தே டர்போவோடு வரும் சுசுக்கி எவ்ரி ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுப்பது. இது டீச்சரின் யோசனை.

பென்ஸில் எழுதியிருக்கும் 'கொம்ப்ரெஸர்' என்பதுதான் சுப்பர்சார்ஜர். ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு சுப்பர்சார்ஜரா டர்போவா என்று வந்து நின்றது.

முதலில் இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். எஞ்சினுக்குள் பெற்றோலை எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் அது எரிய வளி வேண்டும். சிலிண்டர் தானாக உறிஞ்சும் வளிக்கு ஒரு எல்லை உண்டு. வளியை அமுக்கி உள்ளே தள்ளினால் அதே அளவு எஞ்சினில் கூடுதல் எரிபொருள் எரியும், கூடுதல் வலு வரும். இரண்டு கருவிகளின் வேலையும் இதுதான். வளியை அமுக்கும் வலுவை எங்கிருந்து எடுக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

சுப்பர்சார்ஜர் எஞ்சினின் கப்பியிலிருந்து பெல்ட் மூலம் சுற்றுகிறது. எஞ்சின் சுற்றும்போதே அதுவும் சுற்றும். அதனால் பெடலை மிதித்த உடனே இழுவை கிடைக்கும். ஆனால் தன்னைச் சுற்ற எஞ்சினின் வலுவிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

டர்போ, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையால் சுற்றுகிறது. எப்படியும் சைலன்சர் வழியே வீணாகப் போகும் சக்தியின் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றும். ஆனால் போதிய புகை வந்து அது வேகமெடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மிதித்த பிறகு வரும் அந்தத் தாமதத்தைத்தான் 'டர்போ லேக்' என்கிறார்கள்.

இரண்டிலும் அமுக்கப்பட்ட வளி சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் பெரும்பாலும் இன்டர்கூலர் வைக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்தபோது எங்களுக்கே சுப்பர்சார்ஜர் பக்கம் மனம் சாய்ந்தது. ஹேர்பின் வளைவில் ஆளை நிறைத்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறவனுக்கு உடனே கிடைக்கும் இழுவைதானே தேவை? ஜப்பானில் சுபாரு கம்பனி 2012 வரை சொந்தமாகத் தயாரித்த சாம்பர் என்ற சின்ன வேனுக்கும் சுப்பர்சார்ஜர்தான் போட்டது.

ஆனால் எங்கள் பாதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது: உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே வளிமண்டல அமுக்கம் கரையோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். சாதாரண எஞ்சின் தன் வலுவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். டர்போ இல்லாத எவ்ரி வேனுக்கு 49 குதிரைவலு என்றால், மேலே போய்ச் சேரும்போது மிஞ்சுவது நாற்பதுக்கும் கீழே. பழைய வேனில் பிழையில்லை, மேலே வளிதான் குறைவு.

சுப்பர்சார்ஜரின் வேகம் எஞ்சினோடு கட்டப்பட்டது. வளி ஐதானால் அதுவும் ஐதான வளியைத்தான் அதே வேகத்தில் அமுக்கும். டர்போவுக்கு அந்தக் கட்டு இல்லை. இடம் இருந்தால் இன்னும் வேகமாகச் சுற்றி இழப்பில் பெரும்பகுதியை ஈடு செய்யும்.

இது மலையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். டர்போவின் யோசனைக்கு சுவிஸ் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மொஸ் என்பவர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லொறியில் ஏற்றி, 14,000 அடி உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போனார். கீழே 350 குதிரைவலு தந்த எஞ்சின் உச்சியில் 230தான் தந்தது. டர்போவை இணைத்ததும் 356. வகுப்பில் அமுக்கம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி மச்சானின் பென்ஸ். மரியாதையான வாகனம், மறுக்கவில்லை. சீ 180 கொம்ப்ரெஸரில் 1,796 சீசீ எஞ்சின், 143 குதிரைவலு. நுவரெலியாவில் எவ்வளவு இழந்தாலும் எங்களுக்கு அது மிஞ்சும். ஆனால் எங்கள் விலைக்கு அகப்படுபவை இருபது வருடத்தைத் தொட்டவை. அந்த எஞ்சினுக்கு அந்தக் கம்பனியே 2009 அளவில் சுப்பர்சார்ஜரை விட்டு டர்போவுக்கு மாறிவிட்டது. சுப்பர்சார்ஜர் பழுதானால் வெலிமடையில் திறந்து பார்க்க ஆளில்லை, சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். இரண்டு சம்பளத்தில் கடன் வெட்டப்படும் வீட்டுக்கு ஒரு பெரிய பில் வந்தால் அடுத்த மாத டியூஷன் காசு நிற்கும். "பென்ஸை வாங்கிறது லேசு மச்சான், வச்சிருக்கிறதுதான் கஷ்டம்" என்று சொன்னோம். கொஞ்சம் முகம் சுருங்கினார்.

டர்போ கிட் விஷயத்தில் மாணவரின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் கம்பனியில் டர்போ எஞ்சின் செய்யும்போது வழமையாகவே அமுக்க விகிதத்தைக் குறைப்பார்கள், பிஸ்டனைப் பலப்படுத்துவார்கள், ஒயில் வழியையும் குளிரூட்டலையும் மாற்றுவார்கள். சாதாரண எஞ்சினுக்கு மேலதிக வளியைத் திணித்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து 'நொக்கிங்' வரும், பிஸ்டன் உடையலாம். அது கராஜில் நடக்காது. உம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருக்க, ஏற்றத்தில்தான் நடக்கும். காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். விளக்கிச் சொன்னோம். "சேர் சொல்றது சரிதான்" என்றார். புது வேனின் சேர்விஸ் எல்லாம் அவரிடம்தான் என்றும் சொல்லிவிட்டோம்.

ஆகவே டீச்சரின் யோசனையே நின்றது. 658 சீசீ, மூன்று சிலிண்டர், 64 குதிரைவலு. ஜப்பானின் இந்த வகைச் சின்ன வாகனங்களுக்கு அங்குள்ள கம்பனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்ச எல்லையே 64தான். டர்போவும் சின்னது என்பதால் சீக்கிரம் சுற்ற ஆரம்பிக்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டால் தாமதம் பெரிதாகத் தெரியாது. நம் நாட்டில் சீசீயைப் பார்த்து வரி போடுவதால் சின்ன டர்போ எஞ்சின் வாகனங்கள் நிறைய வந்திருக்கின்றன. அதனால் சாமானும் கிடைக்கும், வேலை தெரிந்த பாஸ்மாரும் இருக்கிறார்கள்.

டர்போ வாகனம் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஒயில் மாற்றும் தவணையைத் தள்ளிப் போடாதீர்கள். டர்போவின் உயிர் ஒயிலில்தான். பழைய வாகனம் என்றால் ஒயில் மாற்றிய பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

2. கடும் ஏற்றம் ஏறி நின்றதும் உடனே எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடம் ஓட விடுங்கள், சூடு இறங்கட்டும்.

3. வாங்கும் முன் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் நீலப் புகை வந்தால், விசில் போல வழமையில்லாத சத்தம் கேட்டால், தெரிந்த பாஸ் ஒருவரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கொழும்பிலோ காத்தான்குடியிலோ சமதரையில் ஓடுகிறவருக்கு எங்கள் கணக்கு பொருந்தாது. அவருக்கு டர்போ இல்லாத எஞ்சினே போதும், செலவும் குறைவு. எந்தப் பாதையில், எத்தனை பேரோடு, யாரிடம் திருத்தப் போகிறோம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு வாகனம் பார்க்கப் போங்கள்.

எவ்ரி டர்போ வைத்திருப்பவர்கள், மலைப் பாதையில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் எங்கள் கணக்கையும் போடுகிறோம்.