தொட்டியில் மிஞ்சியது

விடியற்காலை ஐந்து மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. லாயத்தின் பெரிய விளக்குகளை அவர் இன்னும் போடவில்லை. கையிலிருந்த சின்ன டார்ச்சை ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் அடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். சிலவற்றில் கையை விட்டு மூலைகளைத் துழாவினார். தீனி வண்டி வாசலிலேயே நின்றது. அதைப் பார்த்துவிட்ட குதிரைகள் காலால் தரையைத் தட்டத் தொடங்கின. கடைசி அறையிலிருந்து ஒன்று தாழ்ந்த குரலில் கனைத்தது.

“பசியோட நிக்குதுங்களே அண்ணே, மொதல்ல போட்டுடலாமே” என்றேன்.

“ராத்திரி வெச்சதுல மிச்சம் இருக்கான்னு பாக்காம புதுசைக் கொட்டிட்டா, அப்புறம் எது பழசு எது புதுசுன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?”

சிங்கப்பூரின் நடுப்பகுதியில், மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் இருக்கிறது அந்தச் சவாரி லாயம். பெயர் போட வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். அவர் பெயரும் வேண்டாமாம். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இளவயதில் சென்னை கிண்டியில் பந்தயக் குதிரைகளோடு இருந்தவர், பிறகு இங்கே கிராஞ்சிப் பந்தயத் திடலுக்கு வந்தார். இப்போது இந்த லாயத்தில். அவர் செய்யும் வேலைக்கு இந்த ஊரில் ‘சைஸ்’ என்று பெயர். அரபியில் பிறந்து இந்துஸ்தானி வழியாக மலாய்க்கும் நம் பேச்சுக்கும் வந்த சொல் அது.

ஏழாம் அறையில் டார்ச் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பிடி தீவன உருளைகள், ஈரத்தில் ஊறி ஒட்டிக் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு, பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் மூன்று. அண்ணன் ஒன்றை எடுத்து விரலால் பிரித்தார். குதிரையின் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கும்வரை பார்த்தார். விலாவுக்குப் பின்னால் காதை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். சாணத்தைக் காலால் புரட்டினார்.

“வயித்துல சத்தம் நல்லா இருக்கு. கோலிக் வயித்துவலி இல்ல. பல்லாத்தான் இருக்கும்” என்றார். அந்தக் குதிரைக்கு மட்டும் காலைத் தானியத்தை நிறுத்திவிட்டு, மென்மையான புல்லை ஊறவைத்துக் கொடுத்தார். சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் 7 என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். அதற்குப் பிறகுதான் விளக்குகள் எரிந்தன, தீனி வண்டி உருண்டது.

குதிரைக்கு அவ்வளவு பெரிய உடம்பு. இரைப்பையோ மிகச் சிறியது. எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். மாட்டைப்போல் அசைபோட முடியாது. மனிதனைப்போல் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். பித்தப்பை கிடையாது. வயிற்றில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன ஒரு குதிரைக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடமும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லல்களும் ஆகும். ஒரு கிலோ ஓட்ஸ் பத்தே நிமிடத்தில், ஆயிரத்துக்கும் குறைவான மெல்லல்களில் காலியாகிவிடும். மேய்ச்சல் வெளியில் ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் உயிர் இது. அதை நாலு சுவருக்குள் நிறுத்திவிட்டு இரண்டு வேளை மட்டும் தீனி போட்டால் வயிறு புண்ணாகிவிடும்.

அதனால் இந்த லாயத்தின் நாளே தீனியைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஐந்து மணிக்கு முதலில் புல், பிறகு தானியம். ஏழரைக்குச் சவாரி தொடங்கும்போது வயிறு முழுக்க நிறைந்தும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. பத்தரைக்கு மறுபடி புல். மாலை நான்கு மணிக்குத் தானியமும் புல்லும். இரவு எட்டரைக்குக் கடைசிப் புல், அது விடியும்வரை தாங்க வேண்டும். ஒரே வேளையில் இரண்டு கிலோவுக்கு மேல் தானியம் போடுவதில்லை. மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வழிந்தால் அங்கே நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நிலைகுலையும். வயிற்றுவலி வரும். அதைவிடக் கொடியது குளம்புக்குள் ஏற்படும் அழற்சி. அது முற்றிய குதிரையால் நிற்கவே முடியாது.

தீனி அறையில் ஒரு தராசு தொங்கியது. பிளாஸ்டிக் குவளைகளும் இருந்தன, ஆனால் அண்ணன் எதையும் குவளைக் கணக்கில் போடவில்லை. ஒரே குவளையை எடுத்து ஓட்ஸால் நிரப்பி நிறுத்துக் காட்டினார். அதே குவளையில் கோதுமைத் தவிடு போட்டார். முள் பாதிகூட ஏறவில்லை. உருளைத் தீவனம் போட்டார். ஓட்ஸைத் தாண்டிப் போயிற்று. “குவளையை நம்புனா குதிரை சாவும் தம்பி. புதுசா வர்ற பசங்களுக்கு நான் மொதல்ல காட்டுறது இதைத்தான்.”

குதிரையின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு ஒரு துணி நாடாவை எடுத்துவந்தார். மார்புச் சுற்றளவு 185 சென்டிமீட்டர். தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை 165. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுக்கச் சொன்னார். என் கைப்பேசியில் 475 கிலோ என்று வந்தது. அவர் மனக்கணக்காகவே நாளுக்கு ஒன்பதரை கிலோ என்றார், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு. அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். பிறகு விலாவில் உள்ளங்கையை வைத்து நீவினார். எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரிய வேண்டும். 1983இல் அமெரிக்காவில் ஹென்னகி என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் இதையே ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மதிப்பெண்ணாக வகுத்தார்கள். அண்ணன் மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை. “சரியா இருக்கு” என்றார்.

கடைசி இரண்டு அறைகளில் மட்டக்குதிரைகள். வார இறுதியில் குழந்தைகள் ஏறுவது இவற்றின் மேல்தான். இவற்றுக்கான புல் ஒரு தொட்டி நீரில் ஊறிக்கொண்டிருந்தது; ஊறினால் சர்க்கரை கொஞ்சம் கரைந்துபோகும். பிறகு அதைச் சிறிய கண்ணிகள் கொண்ட வலைப்பையில் அடைத்துத் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு இழையாக இழுத்துத்தான் தின்ன முடியும். புல் குறைந்த நிலங்களில் வளர்ந்த இனங்கள் இவை. கொஞ்சம் கிடைத்தாலே உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். அன்பில் அதிகமாகப் போட்டால் குளம்பு நோய்தான் மிஞ்சும். கதவில் ஒரு பலகை: கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். காரட் கொண்டுவரும் குழந்தைகளிடம் அண்ணன் அதை வாங்கி, நீளவாக்கில் குச்சிகளாக நறுக்கித் திருப்பிக் கொடுக்கிறார். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளுமாம்.

அண்ணனோடு வேலை செய்யும் மலாய்க்காரரின் தாத்தா பாவியான் தீவிலிருந்து வந்தவர். அந்தக் காலச் சிங்கப்பூரில் குதிரை வண்டி ஓட்டியவர்களிலும் லாயங்களில் வேலை செய்தவர்களிலும் பாவியான் மக்கள் ஏராளம். இவர்கள் இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில். புல்லுக்கு இருவரும் சொல்வது ‘ரும்புட்’. அந்த ரும்புட் எதுவும் இந்த மண்ணில் விளைந்ததல்ல. திமோத்தி புல்லும் குதிரைமசாலும் ஓட்ஸும் கப்பலில் வருகின்றன. தரையில் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் இரண்டே வாரத்தில் பூசணம் பிடிக்கும் என்று, கட்டுகளை மரப்பலகைகளின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருந்தார்கள். மலாய்க்காரர் ஒவ்வொரு கட்டையும் பிரித்ததும் உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தார். ஒரு கட்டை அப்படியே குப்பைக்கு ஒதுக்கினார். எனக்கு அதில் எந்த வாடையும் தெரியவில்லை.

வெயில் ஏறியதும் உப்பு வாளி வந்தது. குதிரையின் வியர்வை மனிதனுடையதைவிட உப்பு மிகுந்தது. சேணத்தை இறக்கியபோது முதுகில் வெள்ளைக் கோடுகள் காய்ந்திருந்தன. நாளுக்கு ஐம்பது லிட்டர் தண்ணீரைச் சாதாரணமாகக் குடித்துவிடும் குதிரைகள் உண்டு. குளிர்நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். ‘டிரை கோட்’ என்பார்கள். வியர்க்காத குதிரையின் உடம்பு உள்ளேயே கொதிக்கும். எனவே தண்ணீர் வாளியில் மிஞ்சியிருப்பதையும் அண்ணன் பார்க்கிறார். குறையாத வாளி அவரைக் கலங்க வைக்கிறது.

பத்தரை மணிப் புல்லுக்குப் பிறகு நிழலில் உட்கார்ந்தோம். கிண்டியைப் பற்றிக் கேட்டேன்.

“அங்க கொள்ளுதான் தம்பி. பெரிய அண்டாவுல வேகவெப்போம். மசிஞ்சதும் ஆறவெச்சு, தவிட்டோட பிசைஞ்சு குடுப்போம். அந்த வாசனைக்கே குதிரை கதவை ஒதைக்கும்.”

வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. வெந்தால் அவை குறையும். வெள்ளைக்காரன் ‘மெட்ராஸ் கிராம்’ என்று கொள்ளைத்தான் சொன்னான். அவன் லாயத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், புல் அறுத்துவர இன்னொருவர். பல நேரம் அந்த இன்னொருவர் குதிரைக்காரரின் மனைவி. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் சொல்வது, அப்படித் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரோ சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த அறிவு நம்மிடம் எப்போதும் இருந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு ஹோர்முஸிலிருந்தும் அரபுத் துறைமுகங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்தன. வந்த வேகத்திலேயே மடிந்தன. சோற்றையும் வெந்த இறைச்சியையும் குதிரைக்குப் போடுகிறார்கள் என்றும், கவனிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்றும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள் தீனி தெரியாததால் செத்தன. கருவூலமே வைத்திருந்த அரசர்களுக்கு, தொட்டியைத் துழாவிப் பார்க்கும் ஒரு கை கிடைக்கவில்லை.

அன்று மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போனேன். பஃபலோ சாலையில் ஒரு மளிகைக் கடையில் கொள்ளுப் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். “ரசத்துக்கா, உடம்பு இளைக்கவா?” என்று கடைக்கார அக்கா கேட்டார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு அல்லவா! குதிரைக்கு வலுச் சேர்ப்பதை மனிதன் இளைப்பதற்கு வாங்குகிறான். கடையை விட்டு வெளியே வந்து ஒரு திருப்பம் திரும்பினால் ரேஸ் கோர்ஸ் சாலை. நாளும் வாழையிலையில் சாப்பிட இங்கே வரும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரை யோசித்திருப்போம்? 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப், 1843 பிப்ரவரியில் முதல் பந்தயத்தை நடத்தியது இங்கே, ஃபேரர் பார்க்கில். பக்கத்திலேயே மாட்டுக் கொட்டில்களும் இருந்தன. கண்டாங் கெர்பாவ் என்றாலே எருமைக் கொட்டில்தான். கால்நடைக்கு வேண்டிய தண்ணீரும் புல்லும் கைகளும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்தன. லிட்டில் இந்தியா வளர்ந்ததில் மிளகாய்க்கும் மல்லிகைக்கும் முன்பே சாணத்துக்கும் வைக்கோலுக்கும் பங்கு உண்டு.

1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. 1999இல் கிராஞ்சிக்கு. 2023 ஜூனில், 120 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தை வீடுகள் முதலான தேவைகளுக்காக அரசு திரும்பப் பெறும் என்ற அறிவிப்பு வந்தது. அப்போது சுமார் 700 பந்தயக் குதிரைகள் அங்கே இருந்தன. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் தமிழ்நாடு அரசு கிண்டிப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்திருந்தது. அண்ணன் வேலை செய்த இரண்டு இடங்களைப் பற்றியும் ஒரே பருவத்தில் செய்தி வந்தது.

பந்தயம் முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதில் சூதாட்டம் இருந்தது, சிறிய தீவுக்கு நிலமும் அரிது. ஆனால் குதிரைகள் கப்பலிலும் விமானத்திலும் ஏறிப் போனபோது, அவற்றின் தொட்டிகளைத் துழாவிய கைகளைப் பற்றி நாம் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயர் பதிவாகும், ஓட்டியவர் பெயர் பதிவாகும். அது நேற்றிரவு எவ்வளவு தின்றது, எதை ஒதுக்கியது என்று அறிந்திருந்தவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை. முகர்ந்தே பூசணம் கண்டுபிடிக்கும் அந்த மூக்கை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதிவைக்க முடியாது. பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். பழக லாயம் வேண்டும். சவாரி லாயங்கள் சில இங்கே மிஞ்சியிருக்கின்றன. அண்ணனைப் போன்றவர்கள் ஊர் திரும்புவதற்குள் அவர்கள் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன், அதே இருட்டு நேரத்தில். இடையில் பல் வைத்தியர் வந்து போயிருந்தார். குதிரையின் பல் ஆயுளின் பெரும்பகுதியும் ஈறிலிருந்து வெளியே எழுந்துகொண்டே இருப்பது. ஏழாம் அறைக் குதிரைக்கு மேல்தாடைக் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பு கத்தியாகக் கூர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்ததாம். நீண்ட அரத்தால் ராவிச் சமன் செய்தார்களாம். வெள்ளைப் பலகையில் 7ஐச் சுற்றிய வட்டம் அழிக்கப்பட்டு, அதன் கறை மட்டும் இருந்தது.

அண்ணன் டார்ச்சோடு நடந்தார். நான் பின்னால். ஏழாம் தொட்டி. கையை விட்டு மூலைவரை துழாவினார். விரல்களை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஈரம் மட்டும்தான். நக்கியே துடைத்திருந்தது. குதிரை அவர் தோளை மூக்கால் தள்ளியது. அவர் அதன் நெற்றியை ஒரு தடவை நீவிவிட்டு, எட்டாம் தொட்டிக்கு டார்ச்சைத் திருப்பினார்.